பழைய பட்டியலும் அறிவிப்பாளர் தொடரும்

 

திருத்தணியில் எங்கள் மத்ரஸாவின் ஸதக்கா வரவும் மாணவர் பதிவும் ஒரு கணினி நிரலில் இருக்கின்றன. எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர் 2016ஆம் ஆண்டில் டாட்நெட்டில் எழுதிக் கொடுத்தது அது. சென்ற ரமளானுக்கு முன், ரசீது அச்சிடும் புதிய பகுதியையும் அவரே அனுப்பிவைத்தார். பழைய நிரலைப் புதிய அமைப்புக்கு மாற்றி இரண்டையும் இணைக்கும் பொறுப்பை, ஓரளவு கணினி பழகிய ஆசிரியர்களாகிய நாங்கள் இருவர் ஏற்றோம்.

இணைத்தபோது என்யூ1605 என்றொரு எச்சரிக்கை திரையில் வந்தது. பொருள் விளங்கவில்லை. இனி அது தோன்றாதபடி ஒரு வரி எழுதி அடக்கிவிட்டோம். நிரல் ஓடியது, நிம்மதி அடைந்தோம்.

ரமளானின் முதல் ஜும்ஆ அன்று, எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் யத்தீம் பிள்ளைகளின் உணவுக்கெனப் பணம் நீட்டினார். ரசீதுக்கான பொத்தானை அழுத்தியதும் நிரல் நின்றுவிட்டது. "கையாலேயே எழுதிக் கொடுங்கள், ஹஜ்ரத்" என்றார். எழுதினோம், மனம் கூசியது.

தராவீஹுக்குப் பின் மாணவரை அழைத்தோம். "ஹஜ்ரத், இது நீங்கள் கற்பித்த இஸ்னாது விஷயம்தான்" என்று தொடங்கினார்.

ஒரு நிரல், பிறர் எழுதிய நூலகங்களைப் பெற்றுப் பயன்படுத்துகிறது; அந்நூலகங்கள் வேறு நூலகங்களை நாடுகின்றன. பழைய அமைப்பான பேக்கேஜஸ்.கான்ஃபிக், நாம் கேட்டதையும் அவை கேட்டதையும் ஒரே பட்டியலில் அடுக்கும். எது எதன் வழியாக வந்தது என்பது அதில் தெரியாது. விஷுவல் ஸ்டுடியோ 2017 முதல் வந்த பேக்கேஜ்ரெஃபரன்ஸ் அமைப்பில் நாம் நேரடியாகப் பெறுவதை மட்டும் எழுதினால் போதும். எஞ்சிய தொடரைக் கணினியே தேடிச் சேர்க்கும். ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் மோதினால், தொடரில் நமக்கு அருகில் இருப்பதே வெல்லும்.

பழைய பட்டியலிலிருந்து வந்த எங்கள் வரி நியூட்டன்சாஃப்ட்.ஜேசன் 9.0.1 என்றது. ரசீதுப் பகுதிக்கோ 13.0.1 தேவை. அருகிலிருந்த பழையதே வென்றது. அதைத்தான் அந்த எச்சரிக்கை எங்களுக்குச் சொல்லியிருந்தது.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்கள் குறைந்த தொடருக்குத் தனி மதிப்புண்டு. ஆயினும் அறிவிப்பாளரை ஆராயாமல், அருகாமையை மட்டும் கொண்டு அறிஞர்கள் எதையும் ஏற்பதில்லை. ஆண்டுதோறும் இதைக் கற்பிக்கும் நாங்கள் கணினியின் முன் மறந்துபோனோம்.

முதலில் அனைத்தையும் பிரதி எடுத்தோம். அடக்கிய வரியை நீக்கினோம். எங்கள் வரியை 13.0.1 என மாற்றினோம். பிற நூலகங்களின் வழியாக வந்த பெயர்களையும், ஆப்.கான்ஃபிக்கில் முன்பு கையால் எழுதியிருந்த பதிப்பு மாற்று வரிகளையும் அகற்றினோம். நிரலைப் புதிதாகக் கட்டி, ரசீது அச்சாவதைக் கண்ட பிறகே உறங்கச் சென்றோம்.

மறு ஜும்ஆவில் முதியவரிடம் அச்சிட்ட ரசீதைக் கொடுத்தோம். கைரசீதை அவர் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அவர் எங்களை நம்பிய அளவுக்கு, நாங்கள் அந்த அமானிதத்தில் கவனம் வைக்கவில்லையே என்று வெட்கினோம்.

கணினி பயிலும் நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: எச்சரிக்கையை அடக்கும் முன், யார் எதைக் கேட்டார் என்று தொடரைப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்குவானாக. ஆமீன்.