அம்மா ஏறிய மிதிவண்டி

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்கும்போதெல்லாம், சிலம்பிலிருந்தோ கம்பனிலிருந்தோ ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். பகலெல்லாம் கோப்புகளில் குறிப்பெழுதும் எழுத்தனுக்கு மாலையில் மாதவியைப் பற்றி எழுதுவது ஒரு விடுதலை. இவ்வாண்டும் அவ்வாறே எழுத அமர்ந்தேன், கை ஓடவில்லை. எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்த ஒரு மிதிவண்டியே மனத்தில் வந்து வந்து நின்றது. ஆகவே அன்பர்கள் இம்முறை காப்பியத்துக்குப் பதிலாகச் சைக்கிளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மிதிவண்டி என்று எழுதுகிறேனே தவிர, பேச்சில் அச்சொல் எனக்கு வருவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் பிறந்த சிற்றூரில் அது சைக்கிள்தான். அரசாங்க அறிவிப்புகளில் மட்டுமே மிதிவண்டியாக இருந்தது.

பூட்டிக் கிடந்த வண்டி என் மகளுடையது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய மாமா பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்தார். ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒரு வாரத்தில் நன்றாக ஓட்டப் பழகிவிட்டாள். பிறகு ஒருநாள், பள்ளிக்கும் அதிலேயே போகிறேன் என்றாள். பள்ளி இரண்டரைக் கிலோமீட்டர். நடுவில் ஆறு வழிச் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். கூடாது என்றேன். கெஞ்சினாள், கூடாது என்றேன். அதற்குப் பிறகு அவள் குடியிருப்புக்குள்ளும் ஓட்டவில்லை. பூட்டிச் சாவியை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அந்தச் சாவியை இழுப்பறைக்குள் தள்ளியபோது எனக்கு நினைவு வந்த செய்தியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

1991-ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அப்பா கூட்டுறவுக் கடையில் எடை போடுபவராக இருந்தார். அவரிடம் ஒரு கறுப்புச் சைக்கிள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு நீராட்டு விழாவே நடக்கும். பழந்துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். என்னைத் தொட விடமாட்டார். நான் வாடகைச் சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவன்.

அந்த ஆண்டுதான் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. இரவு நேரங்களில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். எட்டாம் வகுப்புவரை படித்திருந்த என் அம்மா கற்பிக்கும் தொண்டர்களில் ஒருவரானார். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாருடையது என்பர். எழுதப் படிக்கத் தெரிந்தவள் அடுத்த ஊருக்குப் போகவும் ஓர் ஆணையோ ஒரு பேருந்தையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தால் அந்த எழுத்தினால் என்ன பயன்? இன்று இதைச் சுலபமாக எழுதிவிடுகிறேன். அன்று எங்கள் தெருவில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

அம்மா ஒரு மாலை வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, "தம்பி, பின்னால பிடிச்சுக்கடா" என்று என்னைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனார். ஆண்கள் ஓட்டும் உயரமான வண்டி. கடையில் வேறு வகை கிடையாது. புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். நான் இரு கைகளாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள், கரையின் திருப்பத்தில் என் வகுப்புப் பையன்கள் நால்வர் மாடு மேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் சீழ்க்கை அடித்தான். இன்னொருவன் என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூவினான்.

நான் கையை விட்டேன். விட்டதோடு நிற்கவில்லை, கரையிலிருந்து இறங்கி, கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டேன். சைக்கிள் சரிந்து விழுந்த ஓசை கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவின் இடது முழங்கையில் அந்த வடு இன்றும் உண்டு. அன்று இரவு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே எனக்குச் சோறு போட்டார். ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் கல்லுடைக்கும் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா கேரியரைப் பிடித்தார். பத்தே நாளில் இருவரும் ஒருவருக்கொருவர் பிடித்துக் கற்றுக்கொண்டார்கள்.

அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தடவி முடித்த பிறகு, சாவியை எடுத்துத் தம் சைக்கிளின் இருக்கையை இரண்டு அங்குலம் இறக்கி முடுக்கினார். அவ்வளவுதான். அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் அவர் கடைக்கு நடந்து போனார். முழங்கால் இடிக்க இடிக்க அந்த இறக்கிய இருக்கையிலேயே மற்ற நாள்களில் ஓட்டினார். மறுபடி அதை அவர் உயர்த்தியதை நான் பார்க்கவில்லை.

1992 மகளிர் நாளையொட்டிப் புதுக்கோட்டை நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில், மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். என் அம்மாவும் போனார். என்னைக் கூப்பிட்டார், வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன்.

பத்திரிகையாளர் சாய்நாத் அவ்வியக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1996-இல் வெளியான அவருடைய நூலில் இருக்கிறது. தில்லிக்கு வேலைக்கு வந்த புதிதில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அது என் கையில் சிக்கியது. எங்கள் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று எழுதியிருந்தார். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை ஏற்றுக்கொண்டதையும், பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே சிலர் அதை விரும்பியதையும் குறித்திருந்தார். படித்ததும் சிரித்துவிட்டேன். என் தங்கை அந்தப் பாரில் துண்டு சுற்றிய இருக்கையில் அமர்ந்தே வளர்ந்தவள். அம்மா அவளை முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு குடம் தண்ணீர் கட்டிக்கொண்டு வருவார். இரவு வகுப்புக்காக இரண்டு மைல் தள்ளியிருந்த குடியிருப்புக்குத் தனியே போய்த் தனியே திரும்புவார்.

சீழ்க்கையடித்த அந்தப் பையன்களை நான் ஏதோ எங்கள் ஊரின் அறியாமை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1897 மே மாதத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், பெண்களுக்கும் முழுப் பட்டம் வழங்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்த நாளன்று, ஆண் மாணவர்கள் ஒரு பெண் உருவப் பொம்மை செய்து நடுத்தெருவில் உயரக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மையை அவர்கள் உட்கார வைத்திருந்தது ஒரு சைக்கிளின்மேல். படித்த பெண்ணை இழிவுபடுத்த அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆசனம் கிடைக்கவில்லை போலும். பட்டம் மறுக்கப்பட்டது. 1948 வரை அங்கே பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் கண்மாய்க் கரையில் அம்மா காத்திருந்தது மறுநாள் வரையில்தான்.

என் அலுவலகத்தில் பீகாரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் வேலை செய்கிறார். இரண்டு மேசை தள்ளி அமர்ந்திருப்பவர். ஒருநாள் மதிய உணவின்போது பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றித் திரும்பியது. 2006-இல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அவர் அதைப் பெற்றவர். உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர் தொலைவு. அவருடைய இரு அக்காமாரும் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். இவர் கிராமத்திலிருந்து ஏழெட்டுப் பெண்களாகச் சேர்ந்து, சாலையை அடைத்துக்கொண்டு போவாராம். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் அத்திட்டத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு பெருகினர் என்றும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இதை நான் சொன்னதும் அவர், "அந்த 32-இல் நானும் ஒருத்தி, சார்" என்றார்.

பெருமையாக என் அம்மாவின் கதையைச் சொன்னேன். கையை விட்ட பகுதியை விட்டுவிட்டுத்தான். கேட்டு முடித்ததும் அவர், "உங்கள் மகளும் சைக்கிளில்தானே பள்ளிக்குப் போகிறாள்?" என்று கேட்டார். கோப்பு ஒன்றைத் தேடுவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

என் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை அன்பர்கள் ஒப்புக்கொள்வார்கள். தில்லிச் சாலை கண்மாய்க் கரையன்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் காலை ஒன்பது மணிக்கு மத்தியச் செயலகத்தை நோக்கி எழுத்தர்களின் சைக்கிள்கள் வெள்ளம்போல் போகுமென்றும், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு ஆடுமென்றும் நம் சங்கத்து மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று எங்கள் அலுவலகத்தில் சைக்கிளில் வருபவர் தோட்டக்காரர் ஒருவரே. 2008-இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துகளுக்கென ஒரு தடமும் சைக்கிள்களுக்கென ஒரு தடமும் பிரித்துத் திறந்தார்கள். கார்க்காரர்களுக்கு இடம் போய்விட்டதென்று கூக்குரல் எழுந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2016-இல் அத்தடத்தையே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். காரில் போகிறவனின் முணுமுணுப்பு கோப்பில் ஏறுகிறது. சைக்கிளில் போகிறவனின் உயிர் ஏறுவதில்லை. கோப்போடு வாழ்பவன் சொல்கிறேன்.

சைக்கிள் நாடு என்று நாம் வியக்கும் நெதர்லாந்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1971-இல் அச்சிறு நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களுள் குழந்தைகள் மட்டும் நானூறுக்கும் மேல். அந்தப் பெற்றோரும் என்னைப்போல் அஞ்சினார்கள். ஆனால் தெருவில் இறங்கி, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று முழக்கமிட்டார்கள். அங்கே சாலை மாறியது அதன் பிறகுதான். நான் செய்ததோ சைக்கிளைப் பூட்டியது.

மகளுக்கு அந்த ஆசை எப்போது முளைத்தது என்று எனக்குத் தெரியும். 2020 மே மாதம். ஊரடங்கில் தொழிலாளர்கள் கிடைத்த சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாள்கள். காயமுற்ற தந்தையைக் கேரியரில் வைத்து, குருகிராமிலிருந்து தர்பங்காவுக்கு 1,200 கிலோமீட்டர் மிதித்துப்போன 15 வயதுச் சிறுமியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒன்பது வயதுக் குழந்தையாக என் மடியில் இருந்த மகள், "அப்பா, அந்த அக்காவுக்கு யார் சைக்கிள் கற்றுக் கொடுத்தது?" என்று கேட்டாள். சாப்பாட்டுக்கு வழியின்றி ஒரு குழந்தை அத்தனை தூரம் மிதிக்க நேர்ந்ததே என்று நான் குமைந்துகொண்டிருந்தேன். இவள் கண்ணுக்கு அவள் வீராங்கனையாகத் தெரிந்திருக்கிறாள். மறுமாதம் 3-ஆம் தேதி, உலகமே மிதிவண்டி நாள் கொண்டாடிய அன்று, தில்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத்திலிருந்த அட்லஸ் சைக்கிள் ஆலை மூடப்பட்ட செய்தியும் வந்தது.

சென்ற மாசியில் அம்மா எங்களோடு தங்க வந்தார். படிக்கட்டின்கீழ்ச் சைக்கிளைப் பார்த்ததும், முந்தானையால் இருக்கையின் தூசியைத் தட்டினார். "யாரு ஓட்டுறது?" என்றார். மகள், "யாரும் ஓட்டுறதில்லை அப்பத்தா" என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். அன்று இரவு எல்லோரும் உறங்கிய பிறகு அவர் காலடியில் போய் அமர்ந்து, கண்மாய்க் கரையில் நான் ஏன் ஓடினேன் என்று சொன்னேன். கைப்பிடி நழுவிவிட்டது என்று அவர் நினைத்திருக்கக்கூடும் என்ற நப்பாசை எனக்கு எப்போதும் உண்டு.

"தெரியும்டா. நீ விட்டது கேரியர்லயே தெரிஞ்சுது. திரும்பிப் பார்த்தேன், அதான் விழுந்தேன். பார்க்காம மிதிச்சிருந்தா போயிருப்பேன்" என்றார். பிறகு, ஊரில் வேப்பம்பூ வந்திருக்கும் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாவியை எடுத்துக் கொடுத்தேன். பழைய சைக்கிள் ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு நானும் புறப்பட்டேன். பள்ளிவரை போய்ப் பார்ப்போம், சாலையைக் கடக்கும்போது என் பக்கத்திலேயே வரவேண்டும் என்று நூறு நிபந்தனை. அம்மா வாசலில் சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்றார். இருபது ஆண்டுகளாகச் சைக்கிள் தொடாதவன். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கிற்று. ஆறு வழிச் சாலைக்கு ஐம்பது அடி இருக்கும்போது என் வண்டியின் சங்கிலி கழன்றது. இறங்கி, குந்தி உட்கார்ந்து, கையெல்லாம் கரியாக அதை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகிவிட்டிருந்தது. மகள் அந்தப் பக்கத்து மரங்களுக்கு நடுவே சிறிய நீலப் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பள்ளி வாசலில் எனக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தாளாம்.