கவுண்ட் எழுதாத பக்கம்

இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் காஸ்ட் அக்கவுண்டன்டாகச் சேர்ந்தபோது, அமெரிக்க வணிகத் துறையின் ஆன்டி டம்பிங் கேள்விக்கொத்தை நிரப்புவதும் என் தலையில்தான் விழும் என்று யாரும் சொல்லவில்லை. இந்தியா, சீனா, தாய்லாந்து, வியட்நாம், ஈக்வடார், பிரேசில் ஆகிய ஆறு நாடுகளின் உறைந்த இறால் மீது ஆன்டி டம்பிங் வரி ஆணை வந்தது 2005 பிப்ரவரி 1 அன்று. சுனாமி அடித்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தனி விகிதம் கிடைக்காத இந்திய நிறுவனங்களுக்கு 10.17 சதவீதம்.

அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதுதான் டம்பிங் என்று வெளியே நினைக்கிறார்கள். உள்ளே அது வெறும் ஒப்பீடு. உள்நாட்டில் நாங்கள் விற்பது சொற்பம். அது அமெரிக்க விற்பனை அளவில் 5 சதவீதத்தைக்கூடத் தொடாவிட்டால் கனடா, ஜப்பான் போன்ற மூன்றாவது நாட்டு விலையை எடுத்து, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் கழித்து, ஆலை வாசல் விலைக்குக் கொண்டுவந்து அமெரிக்க விலையோடு ஒப்பிடுவார்கள்.

அதிலும் அந்த நாளில் ஒரு வித்தை இருந்தது. ஒரு ரகத்தில் அமெரிக்க விலை 20 சென்ட் குறைவு, இன்னொன்றில் 40 சென்ட் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40-ஐப் பூஜ்யமாக்கிவிட்டு 20-ஐ மட்டும் கூட்டுவார்கள். ஜீரோயிங் என்று பெயர். ஈக்வடார் உலக வணிக அமைப்புக்குப் போய் 2007-இல் இதை வென்றது.

ஆனால் வழக்கின் உயிர் விலைப் பட்டியலில் இல்லை, உற்பத்திச் செலவில் இருக்கிறது. குளத்தங்கரையில் வனாமி இறாலை வாங்குவது கிலோவுக்கு எத்தனை என்ற கவுண்டில். விற்பது தலை நீக்கி, பவுண்டுக்கு எத்தனை என்ற கவுண்டில். கிலோவுக்கு 40 நிற்கும் இறாலில் தலை போனால் சுமார் 65 சதவீதம் மிஞ்சும். அது பவுண்டுக்கு 26/30 என்ற கவுண்டில் போய் உட்காரும். இந்தக் கணிதத்தை எல்லா அளவுக்கும் ஒரே சராசரியாகப் போட்டால், சின்ன இறாலை அந்த மூன்றாவது நாட்டில் செலவுக்கும் கீழே விற்றதாகத் தெரியும். அத்தகைய விற்பனை 20 சதவீதத்தைத் தொட்டால் அவற்றை ஒப்பீட்டிலிருந்து தூக்கிவிடலாம். மிஞ்சுவதெல்லாம் உயர்ந்த விலைகள். ஒரு ரூபாய்கூடக் குறைத்து விற்காமலே நாம் டம்பிங் செய்தவர்களாகிவிடுவோம்.

சரிபார்ப்புக்கு வந்த அமெரிக்க அதிகாரிகள் ஒரு இன்வாய்ஸைச் சுட்டி, அதன் ஆர்டரிலிருந்து வங்கியில் பணம் வந்தது வரை கேட்டார்கள். அதெல்லாம் கொடுத்தாயிற்று. பிறகு அந்தச் சரக்கின் கொள்முதல் நாளைக் கேட்டார்கள். கொள்முதல் ஷெட் சூப்பர்வைசரின் நோட்டில் அந்தப் பக்கத்தில் கவுண்ட் இல்லை. "கலப்பு, 3 டன்" என்று மட்டும் இருந்தது. "அன்னிக்கு ராத்திரி மழை சார், ஐஸ் வேற பத்தல" என்றார் அவர். உண்மைதான். ஆனால் கோப்பில் மழைக்குக் கட்டம் கிடையாது. சரிபார்ப்பின்போது புதுத் தகவலை ஏற்கவும் மாட்டார்கள், முதல் நாளே கொடுக்கும் சில்லறைத் திருத்தங்களைத் தவிர. அந்த ஒற்றைப் பதிவை நிரூபிக்க முடியாமல் கைகட்டி நின்றேன்.

பதிலே சொல்லாமலிருந்தால் இதைவிட மோசம். கையில் உள்ளதில் நமக்குப் பாதகமானதை எடுத்து விகிதம் போடலாம். தனி விகிதத்துக்குத் தகுதி காட்டாத சீன நிறுவனங்களுக்கு முதல் ஆணையில் விழுந்தது 112.81 சதவீதம்.

மானிய எதிர்ப்பு வரி வேறு சங்கதி. அங்கே கேள்வி விலையைப் பற்றியதல்ல; அரசிடம் என்ன வாங்கினாய் என்பதே. 2013-இல் அமெரிக்கத் தொழிலுக்குப் பாதிப்பில்லை என்று அப்படி ஒரு வழக்கு விழுந்தது. மறுபடி தொடுத்தது 2024-இல் நிலைத்துவிட்டது, பெரும்பாலான இந்திய நிறுவனங்களுக்கு 5.77 சதவீதம். டிராபேக், ரொடெப் என்று ஏற்றுமதிக்காக நாம் உரிமையாக வாங்கும் வரித் திருப்பத் தொகைகளெல்லாம் அங்கே மானியம். டிராபேக்கை மானியம் என்பது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதில் சலுகை எங்கே இருக்கிறது?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கர்களின் ஆன்டி டம்பிங் மறுஆய்வு ஆண்டு பிப்ரவரி முதல் ஜனவரி வரை. நம் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மார்ச் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஷெட்டுக்குப் போய், சூப்பர்வைசரோடு ஒரு டீ குடித்துவிட்டு, அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.