நிலம் பார்த்தோம், பொழுது பார்க்கவில்லை

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, திருவொற்றியூரில் நம் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பு வேரோடு சாய்ந்தது. தந்தையார் வீடு கட்டிய ஆண்டில் வைத்த மரம். அறுத்து அகற்றிய பின் ஓர் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குக் குழி ஒன்று எஞ்சியது. அந்தக் குழியில் அடுத்து எந்த மரத்தை வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இலக்கியம் பேசும் இடத்தில் இவர் ஏன் குழி தோண்டுகிறார் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. வகுப்பில் ஆண்டுதோறும் நாம் நடத்திவரும் ஒரு பாடத்தை நமக்கே திருப்பி நடத்தியது அக்குழி.

அன்னையார் முருங்கை என்றார். எதிர்வீட்டார் தென்னை என்றனர். நாம் புன்னை என்றோம். தமிழாசிரியர் வேறெதைச் சொல்வார்! எல்லாரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த தந்தையாருக்கு அப்போது அகவை எழுபத்து நான்கு. கடைசியாக அவர் வாய் திறந்தார்.

"குமானி வைக்கலாமே."

குமானி என்பது சௌகார்பேட்டை உலர்பழக் கடைகளில் வழங்கும் பெயர். சுருங்கிப் பழுப்பேறி, கொட்டையோடு சாக்கில் கிடக்கும் அந்தப் பழத்தைத்தான் ஆப்ரிகாட் என்கிறோம். சர்க்கரை பாதாமி என்று தமிழில் எழுதுவோரும் உண்டு. ஐதராபாத்தில் குபானி என்பர். அதை வேகவைத்து இனிப்பாக்கித் திருமண விருந்துகளில் பரிமாறுவது அவ்வூர் வழக்கம்.

தந்தையாருக்கு அப்பழம் கடையில் அறிமுகமானதன்று. இராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்தபோது, 1969இல், லடாக்கில் சாலைப் பணிக்கு அனுப்பப்பட்டார். இராயபுரத்தில் பிறந்து துறைமுகப் புழுக்கத்தில் வளர்ந்தவர். சிந்து நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் உலர்ந்த பழங்களைக் கைநிறையக் கொடுத்தாராம். தின்றுவிட்டுக் கொட்டையை எறியப் போனவரைத் தடுத்து, அதைக் கல்லால் தட்டி உடைத்து, உள்ளிருந்த பருப்பை எடுத்து நீட்டினாராம்.

"பாதாங்கொட்டை மாதிரியே இருந்துச்சும்மா. சின்னப் பசங்களா இருக்கச்சொல்ல கடலோரத்துல பொறுக்கி ஒடச்சித் தின்னுவோம் பாரு, அதே ருசி. அன்னிக்குத்தான் ஊரு நெனப்பு வந்து அழுதேன்."

இதை நாம் சிறுவயது முதல் பன்முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அம்மரத்தை வீட்டில் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டது அன்றுதான் முதன்முறை. மறுக்க மனம் வரவில்லை.

*

சௌகார்பேட்டையில் கால் கிலோ வாங்கி வந்து, கொட்டைகளைக் கழுவி, ஓட்டை மெல்ல உடைத்துப் பருப்பைச் சிதையாமல் எடுத்தோம். அதை நேரே மண்ணில் இட்டால் முளைக்காது. குளிர் நாட்டு விதை, ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது என்று நம்பினால்தான் கண் திறக்கும். ஆகவே ஈர மணலில் பொதிந்து, ஒரு டப்பாவில் அடைத்து, குளிர்பதனப் பெட்டியில் ஏழு வாரம் வைத்தோம். தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மண் டப்பாவா என்று அன்னையார் கேட்டதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டில் மூன்று முளைத்தன. அவற்றுள் ஒன்று தேறியது.

குழிக்குச் செம்மண் வந்தது, தொழுவுரம் வந்தது. மண்புழு, நீர், வெயில் என்று நாம் பார்க்காதது எதுவுமில்லை. வெற்றிலை போல் அகன்று நுனி கூர்ந்த தளிர்கள் செந்நிறத்தில் விரிந்து பச்சையாயின. தந்தையார் காலையில் நாளிதழ் வருமுன் இலைகளை எண்ணிவிடுவார். முதல் ஆண்டில் இடுப்பளவு உயர்ந்தது. 2017 மார்கழியில் ஒன்றைக் கவனித்தோம். இலை உதிர வேண்டிய மரம் உதிர்க்கவில்லை. சில இலைகள் ஓரம் காய்ந்து தொங்கின. சில பச்சையாகவே நின்றன. தை பிறந்தும் புதுத்தளிர் காணோம். உறங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை.

அப்போதுதான் நாம் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தோம். நூலகத்தில் போய் உட்கார்ந்தோம்.

ஆப்ரிகாட், ஆப்பிள், பீச் போன்ற மரங்கள் அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டை முந்தின கோடையிலேயே உருவாக்கிவிடுகின்றன. பின்னர் இலையை உதிர்த்து உறங்குகின்றன. நடுக்குளிர்காலத்தில் நான்கு நாள் வெயில் அடித்தால் அதை வசந்தம் என்று நம்பிப் பூத்துவிடக் கூடாதல்லவா; பூத்தால் அடுத்த உறைபனியில் கருகிவிடும். எனவே போதிய அளவு குளிரைக் கண்ட பிறகே மொட்டு இளகும். அந்த அளவுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை 7.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் கூட்டுவது பழைய முறை. பெரும்பாலான ஆப்ரிகாட் வகைகளுக்கு இப்படி 600 முதல் 900 மணி நேரம் வேண்டும். வெதுவெதுப்பான குளிர்காலம் உள்ள ஊர்களுக்கென்று கலிபோர்னியா போன்ற இடங்களில் தேர்ந்தெடுத்த வகைகள் உண்டு. 'கோல்ட் கிஸ்ட்', 'கேட்டி' ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 300 மணி நேரம் போதும் என்பர்.

குறைவாகக் கேட்பதே நல்ல மரம் என்று கொண்டுவிடவும் கூடாது. அதைக் கடுங்குளிர் ஊரில் வைத்தால் அதன் தேவை சீக்கிரமே நிறைவேறி, காலத்துக்கு முன்பே பூத்து, உறைபனிக்குப் பலியாகும். மிகுதியாகக் கேட்கும் மரத்தை வெப்பமான ஊரில் வைத்தால் மொட்டு உதிரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாமதித்துத் தளிர்க்கும். சில கணுக்கள் குருடாகவே நின்றுவிடும். வேறொரு நுட்பமும் உண்டு. இரவில் சேர்த்த குளிரைப் பகல் வெயில் ஓரளவு அழித்துவிடும். இதையும் கழித்துக் கணக்கிடும் முறையை 1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் வகுத்தார்கள். ஆகவே இரவு குளிர்கிறது என்பது மட்டும் போதாது. பகலும் பார்க்க வேண்டும்.

இனி நம் ஊர்க் கணக்கு. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பர் 11இலும் 1905 ஜனவரி 29இலும் அவ்வளவு இறங்கியது. அதாவது நூற்றாண்டுக்கு மேற்பட்ட பதிவேட்டில், ஆப்ரிகாட் மரம் எண்ணத்தக்க ஒரு மணி நேரம்கூடச் சென்னையில் இருந்ததில்லை. 300 கேட்கும் வகையும் 900 கேட்கும் வகையும் திருவொற்றியூரில் ஒன்றே.

*

2018 மே மாதம், விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் குன்னூருக்குப் போனோம். சிம்ஸ் பூங்காவை ஒட்டிப் பழவியல் நிலையம் இருக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பேரி, பிளம்ஸ், பீச் விளைவது எல்லாரும் அறிந்தது. ஆப்ரிகாட் அங்கே வணிகப் பயிராக வேரூன்றவில்லை. உதகையில் மார்கழி இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படியும், ஆனால் அதே நாளின் நண்பகல் இருபது டிகிரியைத் தொடும். நாம் மேலே சொன்ன கழித்தல் கணக்கு அங்கே வேலை செய்கிறது.

வழியில் ஒரு நாற்றுப் பண்ணையில் முதிய தோட்டக்காரர் ஒருவரிடம் நம் மரத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஊர்ல எந்த மாசம் கம்பளி எடுப்பீங்க டீச்சர்?"

கம்பளியா? மார்கழியில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்போம் என்றோம். அவர் சிரிக்கவில்லை. "அப்போ அந்த மரம் பாவம்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதைத் தந்தையாரிடம் நாம் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கக் காரணங்களைத் தேடினோம் என்பதே உண்மை. படித்தவர்களுக்குக் காரணம் கிடைப்பது அரிதன்று. இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்னும் உழவர் 1998இல் கொல்லையில் எறிந்த ஆப்பிள் விதைகளில் ஒன்று முளைத்து, ஆப்பிளுக்கு ஆகாத வெப்பத்திலும் காய்த்தது. அவர் அதைப் பெருக்கி எச்.ஆர்.எம்.என்.-99 என்ற வகையாக்கினார்; 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. விதை என்பது ஒரு குலுக்கல், நம் விதைக்கும் அப்படி விழாதா என்று நினைத்துக்கொண்டோம். கோடிக்கணக்கான விதைகளில் ஒன்றுக்கு விழுந்தது என்பதை நினைக்கவில்லை. அவ்வூருக்கும் ஒரு குளிர்காலம் உண்டு என்பதையும் நினைக்கவில்லை.

ஜாவா தீவின் பத்து என்னும் மலையூரில் ஆப்பிள் மரங்களின் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்து உறங்குமுன்பே அதை எழுப்பிவிடும் உத்தி அது. அதனால் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். இதைப் படித்ததும் 2018 டிசம்பரில் தந்தையாரிடம் சொன்னோம். அவர் முக்காலி போட்டு அமர்ந்து, பூ தொடுப்பவர் போல ஒவ்வோர் இலையாகக் கிள்ளினார். மாசியில் நுனிகளில் மட்டும் நான்கைந்து தளிர் வந்தது. அவர் முகத்தில் வந்த ஒளியைக் கண்டு, சொல்ல வேண்டியதை மறுபடியும் தள்ளிப்போட்டோம்.

*

அந்த 2019 கோடையை மறந்த சென்னைவாசி இருக்க முடியாது. நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கங்களில் நிலத்தடி நீர் பல பத்தாண்டுகளாகவே உப்பு. ஆப்ரிகாட்டோ உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பழமரங்களுள் ஒன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டால் இலையோரம் கருகுவதைக் கண்ட தந்தையார், லாரியில் வரும் நல்ல தண்ணீரில் நாளும் ஒரு குடம் அதற்கென்று ஒதுக்கினார். தெருவில் குடத்துக்காகச் சண்டை நடந்த நாள்கள் அவை. தம் குளியலைச் சுருக்கிக்கொண்டுதான் அந்தக் குடத்தை அவர் மிச்சப்படுத்தினார் என்பதை அன்னையார் சொல்லிப் பின்னரே அறிந்தோம்.

ஜூன் மாதத்தில் மரம் பட்டுப்போனது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை.

அன்றிரவு குளிர் மணிக் கணக்கு, 13.9, குன்னூர்த் தோட்டக்காரர் எல்லாவற்றையும் சொன்னோம். ஓராண்டுக்கு மேல் தெரிந்தே மறைத்ததையும் சொன்னோம். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தோம் போலும்.

"ஏம்மா, நீ படிச்சவ. அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தக் கொடத்தத் தெருவுல கேட்டவங்களுக்குக் குடுத்திருப்பேனே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மரம் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பல நாள் நமக்கு உறக்கம் வரவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று மறைத்ததாக எண்ணியிருந்தோம். அவர் தண்ணீரை அல்லவா நாம் வாங்கிச் செலவழித்திருக்கிறோம்.

அகப்பொருள் நடத்தும்போது முதல் வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதுவது: முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். மரமும் பறவையும் கருப்பொருள்; அவை பின்னால் வருபவை. குறிஞ்சி என்றால் மலை மட்டுமன்று, கூதிரும் முன்பனியும் சேர்ந்தே குறிஞ்சி. மாணவர்கள் தேர்வில் நிலத்தை எழுதிவிட்டுப் பொழுதை விட்டுவிட்டால் மதிப்பெண்ணைக் குறைப்போம். குழிக்குச் செம்மண் வாங்கினோம். அங்கே முன்பனியை எந்தக் கடையில் வாங்குவது என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆப்ரிகாட் வைக்க விரும்பும் அன்பர்கள் எங்கேனும் இருந்தால், நாம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதலில் வகையைத் தேடாதீர்கள்; உங்கள் ஊரின் குளிர்காலத்தை எண்ணிப் பாருங்கள். இரவோடு பகலையும் சேர்த்து எண்ணுங்கள். உங்களிடம் இருக்கும் மணி நேரத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கேட்கும் வகையை, விதையாக அன்றி ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். நீர் உப்பா என்று பாருங்கள். கசக்கும் பருப்பைத் தின்னாதீர்கள், அதில் நஞ்சு உண்டு. எண்ணிக்கை சுழியமானால், அதை வீட்டிலுள்ள பெரியவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

2019 ஐப்பசி மழையில் அக்குழியில் பாதாங்கொட்டைக் கன்று ஒன்றை வைத்தோம். தேர்ந்தெடுத்தவர் தந்தையார். உண்மையான பாதாமுக்கும் அதற்கும் உறவில்லை. நாட்டு வாதுமை என்று நூல்கள் சொல்லும் கடற்கரை மரம் அது. உப்புக் காற்றும் உப்பு மண்ணும் அதற்குப் பிறந்த வீடு. இன்று மாடி உயரம் தாண்டிவிட்டது. குளிரே காணாத இவ்வூரிலும் இலைகள் செக்கச் சிவந்து, கொத்துக்கொத்தாக உதிர்ந்து, ஒரு வாரம் மொட்டையாக நின்று மறுபடி தளிர்க்கிறது. கொல்லையைப் பெருக்கும் அன்னையார் இன்றும் முருங்கையைத்தான் நினைவூட்டுகிறார்.

2022இல், வெள்ளைக் கொட்டையும் இனிக்கும் பருப்பும் உடைய 'ரக்ட்சே கார்போ' என்னும் லடாக் ஆப்ரிகாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினோம். "வெள்ளக் கொட்டதான். நான் அப்பவே சொல்லலே?" என்றார். சொல்லிவிட்டு, துவைகல்லின்மேல் ஒரு பாதாங்கொட்டையை நிறுத்தி, கருங்கல்லால் இரண்டு தட்டுத் தட்டி, பருப்பை எடுத்து நம் கையில் வைத்தார்.