சூடு எங்கே போகிறது?

எங்கள் வீடு ஒரே மூச்சில் எழுந்ததல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். கையில் மிச்சம் பிடித்த காசில் தரைத்தளம், பி.எஃப். லோனில் முதல் மாடி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு இரண்டாவது மாடி. இப்போது கீழே நானும் என் வீட்டுக்காரியும், நடுவில் பெரியவன், மேலே சின்னவன் குடும்பம்.

போன சித்திரையில் பெரியவன் வந்தான். "அப்பா, மூணு வீட்டுக்கும் ஒரே மாதிரி ஒன்றரை டன் ஏசி போட்டுடலாம். மொத்தமா எடுத்தா விலை குறைச்சுத் தர்றாங்களாம்."

"மூணு மாடியிலயும் ஒரே சூடாடா இருக்கு?" என்று கேட்டேன். அவன் பேசாமல் நின்றான்.

அப்படிக் கேட்க எனக்குக் கற்றுக் கொடுத்தது மில். ஃபர்னஸில் 1,100 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்புப் பில்லட் செக்கச்செவேலென்று வெளியே வரும். நாங்கள் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நிற்போம். பக்கத்து பேனல் ரூமில் மட்டும் ஏசி ஓடும். அது ஆளுக்காகப் போட்டதல்ல, உள்ளே இருக்கும் கருவிகளுக்காக. ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே ஐந்து நிமிடம் ஒதுங்குவோம். ஒருநாள் அதன் வெளிப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். முகத்தில் அனல் அடித்தது. மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சிரித்தார்: "தம்பி, இது குளிரைச் செய்யற மெஷின் இல்ல. உள்ள இருக்கிற சூட்டை வாரி வெளிய கொட்டற மெஷின்."

பின்னால் படித்தபோது தெரிந்தது, ஏசி முதலில் பிறந்ததும் ஆளுக்காக அல்ல. 1902-ல் வில்லிஸ் கேரியர் தன் முதல் இயந்திரத்தை நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்தார். காற்றின் ஈரத்தில் காகிதம் நீண்டு சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. காகிதத்தைக் காப்பாற்றப் பிறந்ததுதான் பிறகு மனிதர்களிடம் வந்தது.

'டன்' என்ற அளவுக்கும் ஒரு கதை உண்டு. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்து விற்றார்கள். அந்தப் பனிக்கட்டிக் காலத்தின் கணக்குதான் இன்றும் ஏசி மேல் ஒட்டியிருக்கிறது. 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அது ஒரு டன். ஆக, டன் என்பது பெட்டியின் எடையுமல்ல, வீட்டின் அந்தஸ்துமல்ல. எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கைப் போடாமல் நானே ஒருமுறை ஏமாந்தேன். சின்னவன் கல்யாணத்தின்போது மேல் மாடிக்கு ஒன்றரை டன் வாங்கிப் போட்டேன். கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்து, குடித்த வெயிலை ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்கியது. ஏசி விடிய விடிய ஓடியும் புழுக்கம் போகவில்லை. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டியது. நம் ஊர்க் கணக்கில் அந்தக் கோட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். கடைக்காரரைக் கேட்டால், "இரண்டு டன்னா மாத்திக்கலாம் சார்" என்றார்.

மாற்றவில்லை. மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்தேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினேன். அதே ஏசி, அதே அறை, ராத்திரி பத்து மணிக்கெல்லாம் பேரன் போர்வை கேட்டான்.

அதற்குப் பிறகும் ஒரு தப்பு மிச்சமிருந்தது. அவுட்டோர் யூனிட்டைப் பக்கத்துச் சந்துச் சுவரில் மாட்டியிருந்தோம். எதிர் வீட்டு அக்கா எந்நேரமும் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவர். அந்தக் கோடையில் அது சாத்தியே கிடந்தது. அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டுக்காரிதான் சொன்னாள்: "நம்ம சூட்டை அவங்க வீட்டுல கொட்டிட்டு நாம தூங்கறோம்." மறுநாளே ஆளை வரவழைத்து யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். ஜன்னல் மறுபடி திறந்தது.

இதையெல்லாம் சொல்லித்தான் பெரியவனோடு கணக்குப் போட்டேன். தரைத்தளத்துக்கு ஏசி வேண்டாம். தலைக்கு மேல் இரண்டு மாடி நிழல். சாயங்காலம் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்று வந்தால் ஃபேனே போதும், அவன் அம்மாவின் மூட்டு வலிக்கும் அதுதான் நல்லது. மேலே ஏற்கெனவே இருப்பதே போதும், மாற்ற வேண்டாம். நடு மாடியில் மேற்கு வெயில் விழும் ஒரு படுக்கையறைக்கு மட்டும் ஒரு டன். மூன்று வாங்க வந்தவன் ஒன்று வாங்கினான். இன்வெர்ட்டர், ஐந்து நட்சத்திரம், உப்புக் காற்றுக்குத் தாமிரக் காயில், பைப் நீளாதபடி வெளிப்பெட்டி பின்பக்க பால்கனியில், எதிரே யார் ஜன்னலும் இல்லாத இடத்தில். சிப்காட் தூசி அடையாமல் அவ்வப்போது கழுவ வேண்டும், 24 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வயதானவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். மனசின் சூட்டுக்கும் இதே கணக்குதான். வீட்டில் ஒருவர் கொதித்துப் பேசினால், அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். காரணத்தைத் தொடாமல் மேலே எவ்வளவு குளிர்ச்சியாகப் பேசினாலும் ராத்திரிக்குள் அந்தச் சூடு மறுபடி உள்ளே இறங்கும். வெளியில் பட்ட எரிச்சலை வீட்டில் கொட்டிவிட்டு 'மனசு லேசாச்சு' என்பவர்கள், அது யார் தலையில் விழுந்தது என்றும் பாருங்கள்.

ஏசி வாங்கப் போகிறவர்களுக்கும் இரண்டே வேலைதான். கடைக்குக் கிளம்புமுன் மத்தியானம் மூன்று மணிக்கு மாடி மாடியாக ஏறி, சுவரிலும் மேல்தளத்திலும் கை வைத்துப் பாருங்கள். வெளிப்பெட்டி மாட்டுமுன் அந்த இடத்தில் நின்று, எதிரே யாருடைய ஜன்னல் என்று பாருங்கள்.