நான் கேட்ட கையெழுத்து

சட்டம் கேட்காத ஒரு கையெழுத்தை என் பணிக்காலம் முழுக்கப் பெண்களிடம் கேட்டேன். கருவைக் கலைக்க வந்தவர்களை, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, அவர் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அப்படிக் கேட்கும்படி எனக்கு யாரும் எழுத்தில் உத்தரவு தந்ததில்லை.

தென்காசி வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பக்கத்துப் பெண்கள் எங்களிடம்தான் வருவார்கள். பீடி சுற்றுகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், சீசன் வந்தால் அருவிக்குப் போகும் சாலையில் பழம் விற்கிறவர்கள். இவர்களின் கணவர்களில் பலர் புளியரை தாண்டிக் கேரளாவுக்குக் கொத்து வேலைக்குப் போனவர்கள். கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும்தான் ஊருக்கு வருவார்கள். அந்த ஊர்களில் கணவன் கையெழுத்தைக் கேட்டால் எத்தனை வாரம் வீணாகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

வாரம் என்பது இதில் சின்ன விஷயம் இல்லை. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தின்படி அப்போது 12 வாரம் வரை ஒரு மருத்துவர் முடிவெடுத்தால் போதும். அதைத் தாண்டினால் 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும்.

பழம் விற்கிற ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "நாள் தள்ளி ரெண்டு மாசமாச்சு சிஸ்டர். இது இன்னும் பால் குடிக்கு. அவரு கொல்லத்துல கெடக்காரு." நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவன் வந்து சேர்ந்தபோது 12 வாரம் கடந்திருந்தது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு, யாருடைய காசில் அவள் அவ்வளவு தூரம் போவாள்? கம்மலை அடகு வைத்து வெளியே எங்கேயோ கலைத்துக்கொண்டாள். ரத்தப்போக்கு நிற்காமல் மறுபடி எங்கள் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொன்னாள்: "அன்னைக்கே நீங்க செஞ்சு விட்டிருந்தா கம்மலாவது காதுல கெடந்திருக்கும்."

அதற்குப் பிறகும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒப்புதலுக்கென்று படிவம் சி என்று ஒன்று உண்டு. அதை நிரப்பிக் கொடுத்தவளே நான்தான். அந்தப் பெண் கையெழுத்திட இடம் இருக்கும். வயது குறைந்தவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால் பாதுகாவலருக்கு இடம் உண்டு. கணவனுக்குக் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கீழே வெற்றிடத்தில் கணவன்மாரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

புருஷன் பின்னால் வந்து சண்டை போடுவான், அதனால்தான் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் தெரிந்த வீட்டுப் பெண்களும், கூட வேலை பார்த்தவர்களின் சொந்தக்காரர்களும் வந்தபோது அந்தப் பயம் எனக்கு வரவே இல்லையே! அவர்களிடம் நான் கேட்டதில்லை. படிக்காத, கை வெறுமையாக வந்த பெண்ணுக்குத் தன் வயிற்றைப் பற்றித் தானே முடிவெடுக்கும் தகுதி இல்லை என்று நினைத்தேன். அவள் என் முன்னால் கெஞ்சி நின்றது எனக்குப் பிடித்தும் இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் உண்மை. "காப்பர்-டி போட்டுக்கோ, இல்லேன்னா ஆபரேஷன் பண்ணிக்கோ, அப்பத்தான் கலைப்போம்" என்று பேரமும் பேசியிருக்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளை மத்திய அரசு 1996-லேயே கைவிட்டுவிட்டது. என் வாய் கைவிடவில்லை.

அமெரிக்காவில் 1976-ல் வந்த ஹைட் திருத்தம், சில விதிவிலக்குகள் தவிர, ஏழைப் பெண்களின் கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் போகாமல் தடுத்தது. அதற்காக அங்கே இன்னும் போராடுகிறார்கள். நம் நாட்டில் அந்தத் தடை இல்லை. மருத்துவர், மருந்து, கட்டில், என் சம்பளம் எல்லாம் மக்கள் வரிப்பணம். அந்தப் பெண்ணுக்காகக் கொடுத்த பணத்தில் உட்கார்ந்துகொண்டு அவளை வெளியே அனுப்பினேன்.

மனைவி தன் சம்மதமின்றிக் கருவைக் கலைத்தாள் என்று வழக்குப் போட்ட ஒரு கணவரின் மனுவை 2017-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில், குடும்பத்தாரின் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக்கூடாது என்றும் சொன்னது. 24 வாரம் வரை கருவைக் கலைப்பதில் மணமான பெண்களுக்கு உள்ள அதே உரிமை மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. தெரிந்தே செய்தேன் என்பதை மறைக்க இனி இடமில்லை என்பது மட்டும் உறைத்தது.

இதைப் படிக்கிற பெண்களுக்கு: 18 வயது முடிந்திருந்தால் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் பெயரை வெளியே சொல்வது குற்றம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் முடிவே போதும். ஆனாலும் நாளைக் கடத்தாதீர்கள். கணவர் கையெழுத்து வேண்டும் என்று என்னைப் போல் யாராவது சொன்னால், படிவம் சி-யைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அவருக்கு இடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.