மந்திரக்காரனுக்கு விலங்கா?

மந்திரம் உண்மையென்றே வைத்துக்கொள்வோம், தோழர்களே! திடுக்கிட வேண்டாம், வாதத்துக்காகத்தான். உள்ளங்கையில் நெருப்பை வரவழைப்பவனும், பார்வையாலேயே கதவைப் பிளப்பவளும் பிறக்கின்ற நாடொன்று இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அந்நாட்டு மன்னன் அவர்களைப் பாலப் பருவத்திலேயே பிரித்தெடுத்துக் கோட்டைக்குள் அடைத்து, கழுத்தில் இரும்பு வளையம் பூட்டிக் காவல் வைக்கிறானாம். இன்றைய மாயாஜாலக் கதைகளிலும், நம் மாணவர் கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களிலும் இத்தகைய மன்னர்கள் ஏராளம்.

மேகமலையின் அடிவாரத்தில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே அமைந்த பள்ளியொன்றில் நாம் ஆசிரியப் பணி புரிகின்றோம். ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கதையையே பட்டிமன்றப் பொருளாக்கினோம். பூட்டத்தான் வேண்டும் என்றனர் பெரும்பாலோர். ஊரைக் கொளுத்தக்கூடியவனை உலவவிடுவதா என்று மேசையைத் தட்டி முழங்கினான் ஒருவன். அப்பொழுது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "கொளுத்தின பிறகு பூட்டணுமா, பிறந்தவுடனே பூட்டணுமா, ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு வாயடைத்து நின்றது. அவ்வளவுதான் கேள்வி. மற்றதெல்லாம் அலங்காரம்!

இதற்கு விடை தேடக் கற்பனை நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆண்டிப்பட்டிக் கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் இந்தச் சோதனை நடந்தே முடிந்துவிட்டது. 1871-இல் வடநாட்டில் பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை நினைவுகூருங்கள். பரம்பரை என்ற அந்தச் சொல்லிலேயே நஞ்சு முழுதும் இருக்கின்றதன்றோ? இன்னான் இன்ன நாளில் இன்ன பொருளைத் திருடினான் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இன்ன குலத்தில் பிறந்தான் என்றால் போதும். பிறமலைக் கள்ளர் அச்சட்டத்தின் வலையில் வீழ்ந்தனர். ஆடவர் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் கண்ணெதிரே அடைபட்டுக் கிடக்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராத்திரிச் சீட்டு' கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். மணமான முதல் இரவாயினும், மனைவிக்குப் பேறுகால வலியாயினும் சட்டத்துக்கு அது பொருட்டன்று. ஒரு குலத்தைக் குற்றப் பரம்பரையென அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லுமா என்று கேட்கும் உரிமை நீதிமன்றத்துக்கும் இல்லை!

இத்தனைக்கும் அம்மக்களில் பலர் ஊர்க்காவல் புரிந்து, காவற்கூலி பெற்று வாழ்ந்தவர்கள். வெள்ளையன் தன் போலீசைக் கொணர்ந்தான், காவலைப் பறித்தான், காவற்காரனையே கள்வனென ஏட்டில் பதிந்துகொண்டான். அச்சத்துக்கு அடிப்படையே இல்லையா, திருட்டே நடக்கவில்லையா என்று கேட்போர் உண்டு. நடந்திருக்கும். எந்தக் குலத்தில் நடக்கவில்லை? திருடியவனைப் பிடிக்கச் சட்டம் முன்னரே இருந்தது. திருடாதவனைப் பிடிப்பதற்குத்தானே புதுச் சட்டம் தேவைப்பட்டது!

1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை, 'ரோசாப்பூத்துரை' என்று அவர்கள் அன்பொழுக அழைத்தனர். அவர் மலையாள நாட்டுச் செங்கன்னூர்க்காரர். குமுளிக்கு அப்பாலிருந்து வருவதெல்லாம் ஏவலும் குட்டிச்சாத்தானும் என்று நடுங்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள், அந்த நாட்டிலிருந்து சட்டப் புத்தகத்தோடு வந்த ஒருவரையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது. ஆயினும் அதற்குள்ளாகவே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. முன்கதவில் போன பேய் பின்கதவில் எட்டிப் பார்த்தது எனலாம். பேய் என்ற உவமையைப் பகுத்தறிவாளர் பொறுத்தருள்க.

இனி, மந்திரத்துக்கு வருவோம். நம் பகுதியில் செய்வினை அச்சம் செத்துவிடவில்லை. மேகமலைப் பளியர்க்குப் பச்சிலை தெரியும். கீழேயுள்ளோர் அந்த அறிவுக்கு மந்திரம் என்று பெயரிடுகின்றனர். நமது தெருவில் கைம்பெண் மூதாட்டி ஒருத்தி இருக்கின்றாள். அடுத்த வீட்டுப் பசு கன்றை ஈன்று இறந்தது; இருவருக்குக் காய்ச்சல் வந்தது. கிழவி எலுமிச்சம்பழம் புதைத்தாள் என்று பேச்சு கிளம்பிற்று. அவளைத் தெருவைவிட்டே அனுப்ப வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசினர். அவள் என்ன செய்தாள் என்று கேட்டோம். "செய்ததைப் பார்த்தா சொல்றோம்? அவ அப்படிப்பட்டவ" என்றனர். கேட்டதும் நமக்குப் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வந்தது. கைரேகை ஏடு ஒன்றுதான் குறை!

இதே பள்ளத்தாக்கில் மந்திரவாதி ஒருவனும் உண்டு. பெயர்ப்பலகை, பெரிய மாடி, வாசலில் கார். வலிப்பு நோயுற்ற பெண்ணொருத்தியைப் பேய் பிடித்தவள் என்று கூறி, உடுக்கையடித்துப் பிரம்பால் விளாசி, தந்தையின் நகைக் கடனையும் சுருட்டிக்கொண்டான். வேடிக்கையைப் பாருங்கள்! சக்தியில்லாக் கிழவியை ஊர் விரட்டுகின்றது. சக்தி உண்டென்று விலை பேசுவோனை ஊர் வணங்குகின்றது. அச்சம் என்றுமே எளியோர்மீதுதான் பாயும். 1692-இல் அமெரிக்கச் சேலத்தில் சூனியக்காரர் என்று பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர். அங்கும் முதலில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஓர் அடிமைப் பெண்ணும் ஒரு பிச்சைக்காரியும் இருந்தனர்.

இங்கிலாந்து 1735-இல் தன் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிற்று. அதுவரை சூனியக்காரியாய் இருப்பது குற்றம். அதன்பின், மந்திர ஆற்றல் உண்டென்று பாசாங்கு செய்வது குற்றம். மராட்டியத்தில் நரேந்திர தபோல்கர் பல்லாண்டு போராடி, 2013 ஆகஸ்டு 20 அன்று புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், அவ்வாண்டிலேயே அங்குச் சட்டம் வந்தது. அது எவருடைய நம்பிக்கையையும் பதிவேட்டில் ஏற்றவில்லை. பேயோட்டுவதாக அடித்தல், பாம்பு கடித்தவனை மருத்துவரிடம் செல்லவிடாது தடுத்தல், இன்னாள் சூனியக்காரி என்று பழி சுமத்துதல் எனச் செயல்களையே எண்ணி அடுக்கிற்று. திராட்சைத் தோட்டத்தில் பாம்புக்கடி புதிதன்று என்பதால், அந்த இரண்டாம் விதி நம் நெஞ்சில் நன்றாகவே பதிந்தது.

சென்ற மாதம் நம் மன்றத் தோழர்கள் மந்திரவாதிமீது மனு வரைந்தனர். "இவனைப் போன்ற மந்திரவாதிகள் அனைவரையும் கணக்கெடுத்து, காவல் நிலையத்தில் பதிந்து, மாவட்டத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும்" என்று அதில் ஒரு வரி. நாம் அதை அடிக்கச் சொன்னோம். கூட்டம் கொதித்தது. மூடநம்பிக்கைக்கு வக்காலத்தா என்றார் ஒருவர். கணக்கெடுக்கும் காவலர் யார் பெயரை முதலில் எழுதுவார்? பெயர்ப்பலகைக்காரனையா, பளியனையா, நம் தெருக் கிழவியையா? இப்படி நாம் கேட்டதற்கு விடை வரவில்லை, தேநீர்தான் வந்தது.

முடிவில் ஒரு வாக்கு மிகுதியில் வரி நீங்கிற்று. பெண்ணை அடித்த நாள், பறித்த பணம், மருத்துவரின் சான்று ஆகிய மூன்றோடு மனு சென்றிருக்கிறது. எதிர்த்து வாக்களித்த தோழர் நம்மோடு இன்னும் பேசுவதில்லை. கிழவியின் வீட்டு வாசலில் மட்டும், தெருப் பெரியவர்களின் கண்முன்னே, மாலைதோறும் நாம் உட்கார்ந்து மோர் குடித்து வருகின்றோம். நல்ல மோர்.