முஸ்தபா பெட்டி

புதுக்கோட்டையின் ராஜ வீதிகள் நூல் பிடித்தாற்போல நேராகச் செல்பவை. வழி தவறுவதற்கே இடம் கொடாத ஊர். ஆனாலும் தொண்ணூறுகளில், பிள்ளைகளை வழி தவறச் செய்கிறது என்று பெரியவர்கள் சுட்டிக்காட்டிய கடை ஒன்று அங்கே இருந்தது. வீடியோ கேம் கடை.

நாற்பதைத் தாண்டிய பலரிடம் இன்றும் 'முஸ்தபா' என்று சொன்னால் போதும்; முகத்தில் ஒரு களை வந்துவிடும். ஜப்பானிய நிறுவனமான காப்காம் 1993-இல் வெளியிட்ட ஆட்டம் அது. உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கரின் சித்திரக் கதையிலிருந்து பிறந்தது. ஆட்டத்தின் நான்கு வீரர்களில் மஞ்சள் தொப்பி அணிந்த முஸ்தபா கெய்ரோவை நம் பையன்களுக்குப் பிடித்துப்போயிற்று. காருக்கும் டைனோசாருக்கும் உரிய பெயரை அவன் தட்டிப் பறித்துக்கொண்டான்!

அந்தக் கடைக்காரரின் மகன் என் பள்ளித் தோழன். சென்ற ஆண்டு அவன் வீட்டுப் பின்கட்டில், சாக்குகளுக்கு அடியில் அதே பெட்டியைக் கண்டேன். வெளியூர்க்காரர் ஒருவர் விலை பேசியிருக்கிறாராம்; ஓடுகிற நிலையில் வேண்டுமாம். தொலைக்காட்சிப் பெட்டிகளோடு தலை நரைத்துப்போன ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம்.

அவர் முதலில் செய்த காரியம், எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னதுதான்.

"கரண்ட் இல்லையேன்னு கை வச்சிடாதீங்க சார். பிக்சர் டியூப் இருபதாயிரம் வோல்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கும்."

பல வருஷம் சும்மா கிடந்த பெட்டி. இருந்தாலும் பழக்கம் விடுமா? ஸ்க்ரூ டிரைவரில் எர்த் கம்பியைக் கட்டி, டியூபின் ரப்பர் மூடிக்கடியில் நுழைத்துத் தொட்டுப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார்.

கண்டன்சர்கள் உள்ளே உலர்ந்துபோயிருந்தன. அதனால் படம் ஓரங்களில் சுருங்கி, பாம்பாய் நெளிந்தது. அவற்றை மாற்றினார். பொத்தான்களுக்கு அடியில் 'டிக்' என்று ஒலிக்கும் சிறு சுவிட்சுகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தன. ஆட்டப் பலகையின் விளிம்பில் 56 முனைகள். 1985-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த 'ஜாம்மா' முறை அது. அந்த ஒற்றுமை இருந்ததால்தான் ஜப்பான் ஆட்டம் நம் ஊர்ப் பெட்டியில் பொருந்தியது.

ஒரு வேடிக்கை. காப்காமின் அசல் பலகையில் ஒலியின் திறவுகோல் ஒரு சிறு பாட்டரியின் தயவில் இருக்கும். பாட்டரி தீர்ந்தால் ஆட்டம் ஊமையாகிவிடும். எங்கள் பலகையிலோ அந்தப் பாட்டரியே இல்லை. கள்ளப் பிரதி! அசலுக்கு வரும் கண்டம் கள்ளனுக்கு இல்லை.

பழைய பெட்டிகளைத் தொழிற்சாலைத் தோற்றத்துக்கே மீட்கவேண்டும் என்பது மேல்நாட்டு ரசிகர்களின் கொள்கை. நம் பெட்டி எந்தத் தொழிற்சாலையைக் கண்டது? உள்ளூர்த் தச்சர் பிளைவுட்டில் அடித்தது. உட்புறத்தில் அவருடைய பென்சில் கணக்கு அழியாமல் இருந்தது. முன்பலகையில், பொத்தான்களுக்குக் கீழே, பையன்களின் மணிக்கட்டுகள் தேய்த்த இரண்டு பள்ளங்கள்.

அவ்விடத்தில் புது மைக்கா ஒட்டவேண்டும் என்பது விலை பேசியவரின் நிபந்தனை. தோழன் தாளை வாங்கியே வைத்திருந்தான். அவனுடைய தந்தை நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கப்பா ஒரு நாள் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது ஐயா."

"நீங்க பிளஸ் டூவோடு நின்னுட்டீங்க. என் கடையால்தானோ?"

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்வியை அவர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கதைகள் பத்திரிகையில் வரும்போதெல்லாம் படிப்பாராம். அப்போதும் இதுதான் தோன்றுமாம்.

"இல்லை ஐயா. கல்லூரிக்குக் கட்ட வீட்டில் பணம் இல்லை. அதுதான் காரணம்" என்றேன். அது உண்மை. என் தந்தை அதை யாரிடமும் சொன்னதில்லை. கடையைத் திட்டுவது அவருக்கு எளிதாக இருந்தது.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். திரை மெல்ல வெளுத்து, நிறம் பிடித்து, இரைச்சலோடு ஆட்டம் எழுந்தது.

"மைக்கா ஒட்டவேண்டாம். பையன்கள் கை வைத்த இடம், அப்படியே இருக்கட்டும்" என்று மகனிடம் சொன்னார் பெரியவர்.

விலை பேசியவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டுதான் பெட்டியை வண்டியில் ஏற்றினார்.